மசூதுக்கு வெந்நீர்

தண்ணீர் இன்னும் சூடாகவில்லை. சூடாகாமலே இருந்துவிட்டால் தேவலை என்று மீரான் கனிக்குத் தோன்றியது. தோன்றிய வேகத்திலேயே, சீ, என்ன புத்தி இது என்று தன்னைத்தானே ஏசிக்கொண்டு செங்கல் அடுப்புக்குள் இன்னொரு பனமட்டையைத் தள்ளினான். மட்டை புகைந்தது. கண் எரிந்தது. எரியட்டும், அழுகிறான் என்று யாரும் நினைக்க மாட்டார்கள், அழுதாலும் புகை என்று சொல்லிக்கொள்ளலாம். அலுமினிய அண்டாவில் இலந்தை இலைகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு மிதந்தன. மசூது வீட்டுப் பின்பக்கம் நாலு புறமும் கயிறு இழுத்துப் பழைய சேலைகளைத் தொங்கவிட்டு மறைத்திருந்தார்கள். நடுவில் பள்ளிவாசலில் இருந்து தூக்கி வந்த குளிப்பாட்டும் பலகை கிடந்தது, தலைமாட்டுப் பக்கம் கொஞ்சம் உயர்ந்து, தண்ணீர் கால்மாட்டில் வடிகிற மாதிரி. அது இன்னும் காலியாகத்தான் இருந்தது. அதில் வந்து படுக்க வேண்டியவன் முன்னறையில் தாடையைச் சுற்றித் துணி கட்டி, பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, வெள்ளைப் போர்வைக்குள் கிடந்தான். காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, தண்ணீர் கேனை வேனில் ஏற்றக் குனிந்த மசூது நிமிரவில்லை, அவ்வளவுதான் கதை. ஐம்பது வயதுகூட ஆகவில்லை. நெஞ்சுவலி என்று சொல்லக்கூட வாய் திறக்கவில்லையாம். ஒரு இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, மூக்கில் குழாய் இல்லை. நல்ல மௌத்து, லேசான மௌத்து என்று வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். மீரானும் சொன்னான். ஆமா, குழாய் இல்ல, உறை இல்ல, ஜிப்பு இல்ல என்று தெருமுனையில் யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தவன் அந்தக் கடைசிச் சொல்லில் தடுக்கி நின்றுவிட்டான். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் இந்த நேரம் வரை தாக்குப்பிடித்திருப்பான்.

முதலில் உள்ளங்கை. எப்போதும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். வியர்வை என்றால் சாதாரண வியர்வை இல்லை, ரப்பர் கையுறைக்குள் ஊறிய வியர்வை, கையுறை இல்லாமலே. விரல் நுனி வெளுத்துச் சுருங்கிவிடும், நாள் முழுக்கத் துணி துவைத்தவன் கை மாதிரி. அப்புறம் தாடை. கீழ்வரிசைப் பல் மேல்வரிசையில் போய் ஒட்டிக்கொள்ளும், யாரோ உள்ளேயிருந்து இழுத்துப் பிடிக்கிற மாதிரி. அப்புறம் இடது காதில் ஒரு விசில். அது வந்துவிட்டால் கடைசியாக மூச்சு, மேல்நெஞ்சிலேயே நின்று ஏறி ஏறி இறங்கும், அடிவயிறு வரை போகவே போகாது. இத்தனைக்கும் மீரானுக்கு ஊரையே அடைத்துப்போட்ட அந்தக் காய்ச்சல் வரவே இல்லை. வந்து பிழைத்தவன் எல்லாம் எழுந்து நடமாடி மறந்தும் போனான், வராத இவன் உடம்பு மறக்க மாட்டேன் என்கிறது. இதை நினைக்கும்போது அவனுக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் வரும். யாரைக் கேட்டு இது நடக்கிறது? தூங்கும்போது மூச்சு விடு என்று யாரும் சொல்லாமலே விடுகிற இந்த உடம்பு, ஒரு ஜிப்புச் சத்தம் கேட்டால் போதும், எந்த வருஷம் எந்தத் தெருவில் நிற்கிறோம் என்று கேட்காமல் கொள்ளாமல் நேரே அந்தச் சித்திரைக்குப் போய் நின்றுகொள்கிறதே. இவன் இங்கே டீ குடித்துக்கொண்டிருப்பான், உடம்பு மட்டும் அங்கே பிளாஸ்டிக் உடுப்புக்குள் வெந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரனுக்குத் தெரியாமல் வீட்டில் யாரோ குடியிருக்கிற மாதிரி. தொழிலும் இதனால்தான் போனது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுப் பக்கம் மீரானுக்குப் பை தைக்கிற கடை இருந்தது. பள்ளிக்கூடப் பை, பயணப் பை, கிழிந்தது பிய்ந்தது எல்லாம் வரும், வருவதில் முக்கால்வாசி ஜிப்பு போனதுதான். ஒரு நாள் ஒரு அம்மா பெரிய கறுப்புப் பையைக் கொண்டுவந்து, மாட்டிக்கிது, பாருங்க, என்று சர்ரென்று இழுத்துக் காட்டினாள். அவ்வளவுதான், மீரான் கடைக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தான். அதற்கப்புறம் குடை ரிப்பேர் மட்டும்தான். "பை தைக்கிறவன் ஜிப்பக் கண்டு ஓடுதான்லே, நாளைக்கு மீன்காரன் கவிச்சியக் கண்டு ஓடுவான்" என்று மசூது ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான். சிரித்துவிட்டு, அன்றைக்குச் சாயங்காலமே வேனை எடுத்துக்கொண்டு வந்து கடையில் கிடந்த ஜிப்பு ரோல் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய் எங்கோ கொடுத்துவிட்டு வந்தான். எங்கே கொடுத்தான் என்று மீரான் கேட்கவில்லை. 

புகை இன்னும் அடங்கவில்லை. உள்ளே பெண்கள் யாசீன் ஓதுகிற சத்தம், நடுநடுவே சபுராவின் குரல் மட்டும் தேய்ந்து தனியாகக் கேட்டது. சபுரா மசூதின் வீட்டுக்காரி. அவள் அழுகிறாளா ஓதுகிறாளா என்று சேலைக்கு இந்தப்பக்கம் இருந்து சொல்ல முடியவில்லை. மீரான் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டான். துடைத்த கை மறுபடி ஈரமானது. இந்தக் கையை வைத்துக்கொண்டு அவனை எப்படித் தொட? தொடத்தானே வந்திருக்கிறான். வாக்குக் கொடுத்திருக்கிறான், அதுவும் சும்மா கொடுத்த வாக்கா? அப்போது அவர்கள் குளத்தங்கரையில் நின்றிருந்தார்கள். அந்தக் காய்ச்சலில் இறந்தவர்களை ஆஸ்பத்திரி வாசலில் இருந்து மசூதின் தண்ணி வேனில் ஏற்றிக்கொண்டுபோய் அடக்கிவிட்டு வந்திருந்தார்கள், ஊரில் இன்னும் நாலைந்து பேர் கூட உண்டு, ஆனால் தூக்குகிறபோது தலைப்பக்கம் மசூது, கால்பக்கம் மீரான், அது எழுதாத சட்டம். எத்தனை பேரை என்று எண்ண மசூது விடமாட்டான். எண்ணுனா அது மூட்ட, எண்ணாட்டி அது ஆளு, என்பான். யாருடைய ஆள், என்ன மதம், என்ன ஊர், எதுவும் பார்க்கவில்லை. சுடுகாடு என்றால் சுடுகாடு, கபுரஸ்தான் என்றால் கபுரஸ்தான். ஒரே ஒரு விஷயம்தான் மீரானை அறுத்தது. முகம். ஒருத்தர் முகத்தையும் அவன் பார்க்கவில்லை. ஜிப்பு இழுத்து மூடிய உறைக்குள் உறை, அதற்கு மேல் மருந்து, கையில் வந்து விழுகிற கனம் மட்டும்தான். ஆணா பெண்ணா, கிழவரா வாலிபமா, கனத்தை வைத்து ஊகிக்கிற அளவுக்கு அவன் கை தேறிவிட்டிருந்தது, அப்படித் தேறியது அவனுக்கே அசிங்கமாக இருந்தது. நம்மவர்களாக இருந்தால் குளிப்பாட்டாமல் அடக்குகிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். தண்ணீர் கிடைக்காத இடத்தில் மண்ணைத் தொட்டு முகத்திலும் கையிலும் தடவிச் சுத்தமாகிக்கொள்ள ஒரு வழி உண்டே, தயம்மும், அதைத்தான் செய்தார்கள். கையுறைக் கையைச் சுத்தமான மண்ணில் ஒரு அடி, அந்தக் கையால் முகம் இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் உறைமேல் ஒரு தடவு. மறுபடி ஒரு அடி, கை இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் ஒரு தடவு. பக்கத்திலேயே தாமிரபரணி சித்திரையிலும் வற்றாமல் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவு தண்ணீர் ஓடுகிற ஊரில் மண்ணை அடித்துத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்குக் குளத்தங்கரையில் அந்த வெள்ளை உடுப்பை உரித்துப் போட்டபோது இரண்டு பேர் மேலும் வியர்வை ஊற்றியது, குளித்து எழுந்தவன் மாதிரி. மசூதுக்கு அதிலும் கிண்டல்தான். "நம்மள குளிப்பாட்டவே வேண்டாம்டே மாப்ளே, உள்ளுக்குள்ளயே குளிச்சாச்சு." சிரித்தான். அப்புறம் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டு, குளத்தைப் பார்த்தபடி சொன்னான். "இங்க பாரு. நம்ம ரெண்டு பேர்ல எவன் முந்துதானோ அவனை அடுத்தவன் குளிப்பாட்டணும். வெறுங்கையால. நல்ல வெந்நில. மொகத்தப் பாத்து." மீரான் சரி என்றான். சத்தியமா? சத்தியமா. அதோடு விட்டுவிட்டு மசூது உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டான், வடைக்குக் கடை திறந்திருக்குமா என்று. மசூது அப்படித்தான், எமகாதகன், எதுவும் அவன்மேல் ஒட்டாது. எல்லாம் முடிந்து ஊர் திறந்து, கடைகள் திறந்து, கல்யாணங்கள் நடந்து, போன வருஷம் ஏதோ காலேஜில் இருந்து ஒரு பெண் வந்தாள். அந்த நாட்களை நினைத்தால் மனசும் உடம்பும் என்ன செய்கிறது என்று படிக்கிறாளாம். ஜமாஅத் ஆபீசில் உட்கார வைத்து மீரான் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள். கண்ணை மூடிக்கிட்டு அந்த நாள்ல ஒண்ண நினைச்சுப் பாருங்க சார், எதுன்னு சொல்லவேண்டாம், என்றாள், பதவிசான பெண். மீரான் கண்ணை மூடினான். அவ்வளவுதான் செய்தான். திறந்தபோது அந்தப் பெண் அவன் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் முகம் வெளுத்திருந்தது. தண்ணி குடிக்கிறீங்களா சார்? நெஞ்சுக்குள் குதிரை ஓடியதை அந்தப் பெட்டி பார்த்துவிட்டது, தனக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்ததை வெளியில் இருந்து ஒன்று பார்த்துச் சொல்கிறது, அதுவும் மீரானுக்கு ஒரு அதிசயமாகத்தான் இருந்தது. "இவன் வெரல்ல மாட்டாதீயம்மா, மெசினு வெடிச்சிரும்" என்றான் வாசலில் நின்ற மசூது. அடுத்து நீங்க வாங்க சார் என்று அவள் கூப்பிட்டபோது அவன் வாட்சைப் பார்த்தான். லோடு இருக்கும்மா, எனக்கெல்லாம் ஒண்ணுமில்ல, நான் நல்லா தூங்குதேன், என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நிஜம்தானே என்று அன்றைக்கு மீரான் நினைத்தான். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஒரே கனத்தை இந்தப்பக்கம் ஒருத்தன் அந்தப்பக்கம் ஒருத்தன் என்று தூக்கினோம், இவனுக்குள் மட்டும் ஏன் ஒன்றும் தங்கவில்லை, என்ன உடம்பு அது, எதனால் செய்த உடம்பு?

"என்னடே மீரான், கொதிக்க விட்டுட்டியா?" அசன் மோதினார் சேலையை விலக்கிக்கொண்டு வந்தார். பள்ளியில் பாங்கு சொல்கிறவர், மஹல்லாவில் ஆண்கள் யார் இறந்தாலும் குளிப்பாட்ட நிற்கிறவர். புறங்கையை அண்டாவுக்குள் விட்டுப் பார்த்தார். "உயிரோட இருக்கவனுக்கு ஊத்துத சூடுதான் இருக்கணும். அவன் வெந்து போயிருவாம்லா. பச்சத்தண்ணி கலந்து எடு." மீரான் கலந்தான். செம்பு அண்டாவில் தட்டி டக்கென்று சத்தம் வந்தது. மோதினார் திரும்பிப் பார்த்தார். மசூதின் மகன் இர்ஷாதும் இன்னும் மூன்று பேரும் போர்வையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். இர்ஷாத் சென்னையில் இருந்து ராத்திரி பஸ்ஸில் வேறு வேலையாக ஊருக்கு வந்துகொண்டிருந்தவன், வந்து இறங்கும்போது இப்படி. பலகையில் கிடத்தும்போது மீரானின் கை தானாகவே கால்பக்கம் போய்விட்டது, பழக்கம். கனம் வந்து கையில் விழுந்தது. அந்தக் கனம். காதில் விசில் கிளம்பியது. தாடை போய் ஒட்டியது. போர்வை, அது துணிதான், பருத்திதான், ஆனாலும் கை அதைப் பருத்தி என்று நம்ப மாட்டேன் என்றது, வழவழவென்று வேறொன்றாக உணர்ந்தது. இர்ஷாதும் மற்றவர்களும் வெளியே போனார்கள். மோதினார் போர்வைக்குள் கையை விட்டு உடுப்பைக் கழற்றி, வயிற்றை மெதுவாக அழுத்தி, கையில் துணி சுற்றிக்கொண்டு செய்ய வேண்டிய சுத்தத்தை எல்லாம் தானே செய்தார், தொப்புளில் இருந்து முழங்கால் வரை மறைவு விலகாமல். செய்துவிட்டு, "ம், இனி நீ. மொகம் கை கழுவி ஒளு செய்ஞ்சி வை" என்று செம்பை நீட்டினார். மீரான் செம்பை வாங்கவில்லை. குனிந்தான். பலகைக்குப் பக்கத்தில் மழைக்கு அரித்த சுவரோரம் காய்ந்த மண் கிடந்தது. இரண்டு உள்ளங்கையையும் விரித்து அந்த மண்ணில் ஒரு அடி அடித்தான். தூசி பறந்தது. நிமிர்ந்து, மண் படிந்த கையை மசூதின் முகத்துக்கு நேரே, மூடிக் கிடந்த போர்வைக்கு மேலே கொண்டுபோனான். அதுவரைக்கும் தான் என்ன செய்கிறோம் என்று அவனுக்குத் தெரியாது. தெரிந்தபோது கை அந்தரத்தில் நின்றது.

மோதினார் திட்டவில்லை. வேறு யாராக இருந்தாலும், மூளை கழன்று போச்சாடே என்று கேட்டிருப்பார், அவர் வாய் அப்படிப்பட்ட வாய். செம்பை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். "தண்ணி இருக்குடே" என்றார், மெதுவாக. "தண்ணி இருக்கு பாரு. எவ்ளோ வேணும்னாலும் இருக்கு." மீரானுக்கு அழுகை வந்தது, பெரிய அழுகை, ஆனால் தாடை பூட்டிக் கிடந்ததால் வெளியே வரவில்லை, நெஞ்சிலேயே முட்டிக்கொண்டு நின்றது. மோதினார் அவன் இரண்டு கையையும் பிடித்து, மேலே வெந்நீரை ஊற்றினார். மண் கரைந்து போனது. அப்புறம் அவரே போர்வையை மசூதின் முகத்தில் இருந்து மடித்துக் கீழே இறக்கினார்.

முகம் இருந்தது. இதைவிடப் பெரிய விஷயமாக அந்த நேரத்தில் மீரானுக்கு உலகத்தில் எதுவும் தோன்றவில்லை. திறந்தால் உள்ளே முகம் இருந்தது. புருவத்தில் நாலைந்து மயிர் நரைத்து நிமிர்ந்து நின்றது, மூக்கின் பக்கத்தில் அம்மைத் தழும்பு, கீழ் உதட்டில் வெடிப்பு, காதுமடலில் சின்னப் பிள்ளையில் குத்திய ஓட்டை தூர்ந்துபோன ஒரு புள்ளி. முப்பது வருஷமாகத் தினம் பார்த்த முகம், ஒரு தடவைகூட இப்படிப் பார்த்ததில்லை. அடக்கிய அத்தனை பேருக்கும் உறைக்குள்ளே இது மாதிரி ஒன்று இருந்திருக்கும், ஒவ்வொன்றிலும் அதற்கே அதற்கான ஒரு மூக்கு, ஒரு தழும்பு, காதில் ஒரு ஓட்டை, யா அல்லாஹ், அத்தனை முகம். நினைக்க நினைக்கத் தலை சுற்றியது. பயம்தான், ஆனால் பயம் மட்டும் இல்லை, ஏதோ பெரிய வாசலுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற மாதிரி இருந்தது. ஈரத்துணியால் உதட்டை, பல்லைத் துடைத்தான். மூக்கைத் துடைத்தான். உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி நெற்றியில் இருந்து வழியவிட்டான். கை நடுங்கியது, நிற்கவே இல்லை, நடுங்குகிற கையில் இருந்து தண்ணீர் சிதறிக் கன்னத்திலும் தாடியிலும் விழுந்தது. விழட்டும். நடுங்கினாலும் குளிப்பாட்டலாம் போலிருக்கிறதே. இது ஏன் இவ்வளவு நாள் தெரியவில்லை? நடுக்கம் நின்ற பிறகுதான் எதையும் செய்ய வேண்டும் என்று நினைத்து நினைத்தே பாதி வாழ்க்கையை மூட்டை கட்டி வைத்தாயிற்று. தலைக்கு ஊற்றினான். வலது பக்கம் முதலில். தோள், மார்பு. ஊற்றிய இடத்தில் தோல் வெதுவெதுப்பாக ஆனது. மீரான் கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தான். இறந்தவன் உடம்பு, விடிந்ததில் இருந்து ஆறிக்கொண்டு வந்த உடம்பு, வெந்நீர் பட்டதும் அது சூடாகிறது. உயிர் இல்லைதான், அது தண்ணீரின் சூடுதான், அவனுக்கும் தெரியும். ஆனாலும் கைக்கு அது தெரியாது. கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், மசூது வெதுவெதுப்பாக இருக்கிறான்.

வலது புறம் முழுக்கக் கழுவ, மோதினார் பின்பக்கம் இருந்து தோளைத் தாங்கி உடம்பை இடப்புறமாகச் சாய்த்தார். மீரான் மசூதின் வலது கையைத் தூக்கினான். புஜத்தில், உள்பக்கம் சாய்ந்து, என்னவோ இருந்தது. தேமல் என்று நினைத்தான். தண்ணீரை ஊற்றிக் கட்டைவிரலால் தேய்த்தான். தேமல் இல்லை. சின்னச் சின்னப் பிறை. நாலு பிறை ஒரு வரிசையில், அதற்கு எதிர்ப்புறம் ஒற்றைப் பிறை. அதற்கு மேலேயே இன்னொரு வரிசை, அதற்குக் கீழே இன்னொன்று. பழையவை கறுத்துத் தடித்துப் போயிருந்தன. சில பழுப்பாக இருந்தன. ஒரு வரிசை சிவப்பாக இருந்தது, தோல் இன்னும் மூடவில்லை, நேற்றோ முந்தாநாளோ. மீரான் கையை வைத்துவிட்டு அந்தப் பக்கம் குனிந்து இடது கையைப் பார்த்தான். அங்கேயும் அப்படியே. நகம். ஒரு மனிதன் தன் கையைக் குறுக்கே போட்டு, வலது கையால் இடது புஜத்தையும் இடது கையால் வலது புஜத்தையும் பிடித்துக்கொண்டு, பிடி என்றால் சதைக்குள் நகம் இறங்குகிற பிடி, ராத்திரி ராத்திரியாக, வருஷக்கணக்காக. நான் நல்லா தூங்குதேன். இந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை. என்னடே மாப்ளே மாப்பிள்ளை கணக்கா என்று ஒரு தடவை மீரானே கேட்டு, "எல்லாம் ஸ்டைலு" என்று அவன் சொல்லி, இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்தார்களே. ஜிப்பு ரோலை எல்லாம் அள்ளிக்கொண்டு போனானே, அதை ஏற்றிக்கொண்டு வேனில் தனியாகப் போனபோது அந்தக் கை என்ன பாடுபட்டிருக்கும். ஏ மசூது, ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடே. நான் ஒருத்தன்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்தேனே, எனக்கு மட்டும்தான் உடம்பு கழன்றுபோச்சு என்று, நீ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கிறாய் என்று. மீரானுக்குக் கோபம் வந்தது, வந்த கோபம் எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. அப்புறம் அதன் இடத்தில் வேறொன்று வந்தது, அதற்கு அவனிடம் பேர் இல்லை. இவ்வளவையும் ஒரு மனிதன் ஒரு சட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு, கேன் தூக்கிக்கொண்டு, ஊரைச் சிரிக்க வைத்துக்கொண்டு திரிய முடியுமா? முடிந்திருக்கிறதே.

"இந்தப் பக்கம் திருப்பணும், பிடி" என்றார் மோதினார். மீரான் பிடித்தான். உடம்பைத் திருப்பப் புஜத்தில்தான் பிடிக்க வேண்டும், வேறு எங்கே பிடித்தாலும் வழுக்கும். அவனுடைய நாலு விரலும் அந்த நாலு பிறைமேல் போய் உட்கார்ந்தன, கட்டைவிரல் அந்த ஒற்றைப் பிறைமேல். மீரான் நகத்தை உள்ளே மடக்கிக்கொண்டு விரலின் சதையால் மட்டும் பிடித்தான். இவ்வளவு நாளும் மசூது தன்னைத் தானே பிடித்துக்கொண்ட இடம் அது. இன்றைக்குத்தான் அதை வேறொருத்தன் பிடிக்கிறான். தாடை எப்போது விட்டது என்று தெரியவில்லை, வாய் திறந்து, சின்னப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டு மீரான் அழுதுகொண்டிருந்தான், அழுதுகொண்டே தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். மோதினார் அவனை நிறுத்தவில்லை. கடைசித் தண்ணீரில் கற்பூரத்தைக் கரைக்கும்போதுதான் மெதுவாகச் சொன்னார், மீரானைப் பார்க்காமல், கரைகிற கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டு. "மையித்து ஒடம்புல கண்டத வெளிய சொல்லக்கூடாது. தெரியும்லா? நல்லது கண்டா சொல்லலாம். மத்தது இந்தப் பலகையோட போச்சு." மீரான் தலையாட்டினான். அவரும் பார்த்துவிட்டார் என்று தெரிந்தது. எத்தனை உடம்பை இவர் பார்த்திருப்பார், எத்தனையைப் பார்த்துவிட்டு வாயைத் திறக்காமல் தெருவில் நடக்கிறார் என்று நினைத்தபோது அந்தக் குள்ளமான மனிதர் அவனுக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தார்.

துடைத்து, கஃபன் துணியைச் சுற்றினார்கள். புஜம் மறைந்தது, மார்பு மறைந்தது. முகத்தை மட்டும் கட்டாமல் வைத்தார்கள், வீட்டார் பார்க்க. இர்ஷாத் வந்து நெற்றியில் முத்தமிட்டான். "மாமா, வாப்பா மொகம் எப்படி இருக்கு பாத்தியளா? சிரிக்கிற மாதிரி இருக்குல்லா?" "ஆமாலே" என்றான் மீரான். "நல்ல தெளிவா இருக்கு." அது உண்மையும்கூட. ஆண்கள் விலகி நின்றார்கள், பெண்கள் வந்து பார்த்துவிட்டு ஒவ்வொருத்தராக உள்ளே போனார்கள். சபுரா கடைசியாக வந்தாள். வெகு நேரம் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். போகத் திரும்பியவள் சேலை மறைவுக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டாள். அவள் நிற்பது துணியில் நிழலாகத் தெரிந்தது. இந்தப்பக்கம் மீரான் காலி அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே" என்றாள். குரல் கம்மிப்போயிருந்தது. "நீங்கதானே குளிப்பாட்டுனிய?"

"ஆமாம்மா."

"கையெல்லாம்..." என்று ஆரம்பித்தாள். அதற்கு மேல் அவளுக்கு வரவில்லை. எத்தனை ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்திருப்பாளோ, யாரிடமும் சொல்லாதே என்று அவளிடமும் சத்தியம் வாங்கியிருப்பானோ என்னவோ. 

"ரெண்டு கையும் நல்லா இருந்திச்சும்மா" என்றான் மீரான். "வெதுவெதுன்னு இருந்திச்சு."

நிழல் முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தது. "சரிண்ணே" என்றாள் சபுரா.